பத்து மணி வட்டம்

பிப்ரவரி 10ஆம் தேதி காலையில், மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்து அடியெடுத்து வைத்தேன். இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. விழுந்த கதை அவ்வளவுதான். கொஞ்சம் கௌரவமாக விழுந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது "எப்படி விழுந்தீர்கள்?" என்றுதான். ஓடும் பஸ்ஸிலிருந்து, மரத்திலிருந்து என்று ஏதாவது சொல்ல இருந்தால் கேட்பவர்களுக்கும் திருப்தியாக இருந்திருக்கும். "படி இறங்கும்போது" என்றதும் அவர்கள் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும்.

வலது கணுக்காலில் எலும்பு முறிவு. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, உட்கார்ந்தாலும் படுத்தாலும் அதை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் வேலையை வீட்டுக்குத் தூக்கிவர வழியில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்தேன். மனைவி எட்டரை மணிக்கு வேலைக்குப் போய்விடுவாள், மகள் அதற்கும் முன்பே கல்லூரிக்கு. மாலை ஐந்து மணி வரை வீட்டில் நானும், மூன்று தலையணை மேல் உட்கார்ந்திருக்கும் என் வலது காலும்தான்.

ஆறு வாரம் என்றால் 42 நாள். வாழ்க்கையில் இப்படி ஒரு மொத்த ஓய்வு எனக்குக் கிடைத்ததே இல்லை. வலி சற்றுக் குறைந்த இரண்டாம் நாளே பழைய டைரி ஒன்றை எடுத்துப் பட்டியல் போட்டுவிட்டேன். பதினான்கு வேலைகள். புதிதாக ஒரு மொழி கற்பது, வருடக்கணக்கில் பிரிக்காமல் கிடக்கும் தடிமனான புத்தகங்களை முடிப்பது, தினமும் ஒரு பக்கம் எழுதுவது, மூச்சுப் பயிற்சி, சதுரங்கம், கணினியில் குவிந்து கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்துவது. பதினான்காவது, "பொறுமை". அதை எப்படிச் செய்து முடித்து டிக் அடிப்பதாக இருந்தேன் என்று இப்போது நினைவில்லை.

மகள் அதைப் படித்துவிட்டு, "அப்பா, இது ஆறு வாரத்துக்கா, ஆறு வருடத்துக்கா?" என்றாள்.

மொழி மூன்று நாள் ஓடியது. புத்தகம் பதினொரு பக்கம். சதுரங்கத்தில் கணினி என்னைத் தொடர்ந்து ஒன்பது முறை தோற்கடித்தது; பத்தாவது ஆட்டத்துக்கு நான் போகவில்லை. எட்டாம் நாள் இரவு கைப்பேசி தானாகவே ஓர் அறிக்கை கொடுத்தது: கடந்த ஒரு வாரத்தில் என் சராசரிப் பயன்பாடு நாளொன்றுக்கு 7 மணி 40 நிமிடம். அலுவலகத்தில்கூட நான் அவ்வளவு நேரம் மும்முரமாக வேலை பார்த்ததில்லை.

ஒரு புதுப் பழக்கம் படிய 21 நாள் போதும் என்று எங்கோ படித்த நம்பிக்கையில்தான் அந்தப் பட்டியலைப் போட்டிருந்தேன். தோற்ற பிறகு, குற்றம் என்னுடையது இல்லை என்று நிரூபிக்க ஆதாரம் தேடினேன். கிடைத்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாகப் படிவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று தெரியவந்திருக்கிறது. ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரே ஒரு பழக்கத்துக்கே 66 நாள். என் கையிருப்பு 42. பதினான்கு பழக்கங்கள். கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவன் இப்படி ஒரு பட்ஜெட் போட்டிருக்கக் கூடாது.

போதாக்குறைக்கு அந்த ஒரு வாரத்தில் நான்கு பேர் எனக்கு நியூட்டன் செய்தியை அனுப்பியிருந்தார்கள். உங்களுக்கும் வந்திருக்கும். 1665இல் கொள்ளைநோய் பரவியதால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை மூடினார்கள், இருபத்திரண்டு வயது நியூட்டன் கிராமத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு நுண்கணிதம், ஒளியியல், ஈர்ப்பு விசை எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டார், நீங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்கிற செய்தி. படுத்திருப்பவனுக்கு இதை ஏன் அனுப்புகிறார்கள்? நியூட்டனுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தது. தவிர, அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே நியூட்டனாகத்தான் இருந்தார். நான் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவன். நான்கு பேருக்கும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

உண்மையில் என்னைத் தொந்தரவு செய்தது, ஒன்றும் சாதிக்கவில்லை என்பதுகூட இல்லை. நாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான். நேற்று யார் வந்தார்கள், முந்தாநாள் யார் வந்தார்கள் என்பது குழம்பியது. ஒருநாள் செவ்வாய்க்கிழமை என்று நினைத்துக்கொண்டு மகளிடம் ஏதோ சொல்ல, அவள் "இன்றைக்கு வியாழன் அப்பா" என்றாள். எனக்குச் சற்றுப் பயமாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மிஷேல் சிஃப்ரைப் பற்றிப் படித்தேன். பிரெஞ்சு நிலவியலாளர். 1962 ஜூலை 16ஆம் தேதி, இருபத்து மூன்று வயதில், கடிகாரம் எதுவும் இல்லாமல் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் தனியாக இறங்கினார். உள்ளே பகலும் இல்லை, இரவும் இல்லை. விழித்தாலும் தூங்கப் போனாலும் தொலைபேசியில் மேலே இருக்கும் குழுவுக்குச் சொல்வார். அவர்கள் அவருக்கு நேரம் சொல்ல மாட்டார்கள். செப்டம்பர் 14ஆம் தேதி, முடிந்தது வா என்று கூப்பிட்டபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாளைக் காணவில்லை! உள்ளே இருந்தபோது அவருக்கு ஒரு சோதனை வைத்தார்கள்: நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ண வேண்டும். எண்ணி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. தான் இரண்டு நிமிடம்தான் எடுத்துக்கொண்டதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு வாரத்தில் இரண்டு நாள்தான் தொலைந்திருந்தது. அதுவும் ஜன்னல் உள்ள வீட்டில். அந்த வகையில் நான் சிஃப்ரை விடக் கேவலம் என்று நினைத்தபடி தூங்கினேன். ஜன்னலை நான் பார்க்கவே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள், அதாவது ஒன்பதாம் நாள் காலை, கூடத்துச் சோபாவில் காலை நீட்டிக் கிடந்தேன். கிழக்குப் பக்க ஜன்னல் திரை மூடியிருந்தது. அந்தத் திரையில், எப்போதோ ஆணியில் மாட்டிக் கிழிந்த ஒரு சிறு கிழிசல் உண்டு; சுண்டுவிரல் நகத்தளவு, மூன்று மூலை. தைக்க வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள். அதன் வழியாக வந்த வெயில் தரையில் ஒரு காசு அளவுக்கு விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிமிர்ந்தேன். கிழிசல் முக்கோணம். தரையில் கிடந்தது வட்டம்.

சரியான வட்டம் அல்ல, கொஞ்சம் நீள்வட்டம். சாய்வாக விழுவதால் அப்படி. ஆனால் மூலை என்று எதுவும் இல்லை. திரையைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வருடமாக வெயிலில் நடமாடியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

அது நகரவும் செய்தது. தரைக்கல்லின் இணைப்புக் கோட்டை வட்டத்தின் ஒரு விளிம்பு தொடுவதிலிருந்து மறு விளிம்பு கடப்பது வரை கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் சொச்சம். கண்ணிமைக்காமல் பார்த்தால் நகர்வதே தெரிகிறது. கைப்பேசியை எடுக்காமல் அப்படி எவ்வளவு நேரம் இருந்தேன் என்றால், வட்டம் சோபாவின் கால் வரை போய், அதில் ஏறி, மடங்கி, காணாமல் போகும் வரை.

மாலையில் மகள் வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலை அவள் கிளம்பும் அவசரத்திலும் ஒரு பழைய நாட்காட்டி அட்டையில் கோணி ஊசியால் ஒரு துளை போட்டு, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தாள். பக்கத்தில் ஒரு சிறு சதுரத் துளை, ஒரு முக்கோணத் துளை, என் வேண்டுகோளின் பேரில். மூன்றும் தரையில் வட்டம்தான் போட்டன. காரணத்தை அதற்குள் தேடிப் படித்துவிட்டிருந்தேன். தரையில் விழுவது துளையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். துளை சிறியதாகவும் தரை தூரமாகவும் இருந்தால், துளை எந்த வடிவத்தில் இருந்தாலும் அது ஒரு கேமராதான். மரத்தடி நிழலில் இலை இடுக்குகளின் வழியாக வட்டம் வட்டமாக வெயில் கிடக்கிறதே, அவை எல்லாம் சூரியன்கள். சூரிய கிரகணத்தின்போது அவை அத்தனையும் பிறை பிறையாக மாறிவிடும்.

அப்புறம் அளக்காமல் இருக்க முடியுமா? கணக்குக்காரன். மனைவியின் தையல் டேப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மகள் துளையில் ஒரு முனையைப் பிடித்தாள். நான் சோபாவிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து மறுமுனையை வட்டத்தில் வைத்தேன். 150 செ.மீ. டேப் போதாமல் நூல் கட்டி அளந்ததில் 210 செ.மீ. வெள்ளைத் தாள் ஒன்றை ஒளிக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் நீள்வட்டம் நல்ல வட்டமாகிவிடுகிறது. அதன் விட்டம் 2 செ.மீ. விளிம்பு சற்றுக் கலங்கலாக இருந்ததால் முன்பின் ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம்.

210க்கு 2 என்றால் 105இல் ஒரு பங்கு. வானத்தில் இருக்கிற சூரியனுக்கும் அதே விகிதம்தான். அது நம்மிடமிருந்து இருக்கும் தூரத்தில் 105இல் ஒரு பங்கு அதன் விட்டம். தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். வகுத்தேன்: 14 லட்சத்து 28 ஆயிரம் கிலோமீட்டர். புத்தகம் சொல்லும் விட்டம் ஏறத்தாழ 13 லட்சத்து 92 ஆயிரம். கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் பிழை. மூன்று பூமியை வரிசையாக வைத்தால் வருகிற அளவு. தணிக்கையில் இந்தப் பிழை நிற்காது. ஆனாலும் நாட்காட்டி அட்டையும் தையல் டேப்பும் வைத்துக்கொண்டு, மாவுக்கட்டுக் காலோடு தரையில் உட்கார்ந்து சூரியனை அளந்தவன் என்கிற பெருமை எனக்கு அன்று முழுவதும் இருந்தது. மனைவிக்கு இரண்டு முறை விளக்கினேன். இரண்டாவது முறை அவள், "சரி, இப்போது தரையிலிருந்து எப்படி எழுந்திருப்பீர்கள்?" என்றாள். நியாயமான கேள்வி. இருவரும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

இதைப் பெரிய அளவில் செய்தவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியின் பொலோன்யாவில் சான் பெட்ரோனியோ தேவாலயத்தின் கூரையில், தரையிலிருந்து 27 மீட்டர் உயரத்தில் ஒரு துளை உண்டு. 1655இல் காசினி என்கிற வானியலாளர் அந்தத் தேவாலயத்தின் தரையில் 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு பதித்தார். உச்சிவேளையில் சூரியனின் படம் தினமும் அந்தக் கோட்டின் மேல் விழும். ஆண்டு முழுவதும் கோட்டின் நீளத்தில் முன்னும் பின்னும் போய்வரும். அவர் அதை வைத்துச் சூரியனின் விட்டம் வருடத்துக்குள் எப்படிக் கூடிக் குறைந்து தெரிகிறது என்று அளந்தார்.

என்னிடம் 67 மீட்டர் இல்லை. ஒரு கூடம் இருந்தது. தினமும் காலை சரியாகப் பத்து மணிக்கு வட்டத்தின் நடுவில் ஒரு சின்ன ஒட்டுத்தாள் ஒட்டி, தேதி எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். கோப்புகளில் ஒட்டுகிற வட்டத் தாள்கள் வீட்டில் நிறைய இருந்தன. குனிய முடியாதே? துணி உலர்த்தும் கம்பின் நுனியில் ஒட்டுத்தாளைச் செருகி, சோபாவில் இருந்தபடியே குறிபார்த்து அழுத்துவேன். முதல் நாள் ஆறு முயற்சி. பிறகு கை பழகிவிட்டது. தரை துடைக்கிறபோது மனைவி அவற்றைச் சுற்றிக்கொண்டு துடைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வீட்டில் அந்த மாதத்தில் நடந்த பெரிய தியாகம் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் நான்கு நாளில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாகத் தெற்கே போனது. சூரியன் வடக்கே நகர்கிறது, வட்டம் தெற்கே நகர்கிறது, அது எதிர்பார்த்ததுதான். பத்துப் பன்னிரண்டு தாள் ஆன பிறகுதான் வரிசை நேர்த் தெற்காக இல்லை, ஜன்னல் பக்கமாகச் சரிகிறது என்று தெரிந்தது. தினமும் அதே பத்து மணி. அப்படியிருக்க வட்டம் ஏன் கிழக்கே ஒதுங்க வேண்டும்? சூரியன் வடக்கே போகப்போக மேலேறுவது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூரியன் நேரம் தவறுகிறது! பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதாலும், சூரியன் நம் கடிகாரத்தோடு ஒத்துப்போவதே இல்லை. பிப்ரவரி நடுவில் அது 14 நிமிடம் தாமதம். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்திவிடும். வருடத்தில் நான்கு நாள்தான் இரண்டும் கைகுலுக்கிக்கொள்கின்றன. நான் விழுந்தது சூரியன் மிகவும் தாமதமாக ஓடிக்கொண்டிருந்த வாரத்தில். நான் கட்டோடு கிடந்த ஆறு வாரமும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதத்தைச் சரிசெய்துகொண்டிருந்தது. இருபத்தாறு வருடம் காலை ஒன்பதரைக்குக் கையெழுத்துப் போட்டவனுக்கு இந்தச் செய்தி எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பத்து மணி வட்டத்தால் எதிர்பாராத ஒரு லாபமும் வந்தது. கட்டுப் போட்ட கால் அசையாமலே கிடந்தால் தொடைத் தசையும் சேர்ந்து இளைத்துவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் சில பயிற்சிகள் சொல்லியிருந்தார். கால்விரல்களை மடக்கி நீட்டுவது, முழங்காலை நீட்டியபடி காலை ஒரு சாண் உயரம் தூக்கிப் பத்து எண்ணுவது. பட்டியலில் இதற்கு மூன்றாம் இடம் கொடுத்திருந்தேன், செய்யவில்லை. வட்டத்துக்குக் காத்திருக்கும் ஒன்பதே முக்காலிலிருந்து பத்து வரை வேறு எதுவும் செய்ய முடியாது என்பதால் அந்தக் கால் மணி நேரத்தில் காலைத் தூக்கிக்கொண்டிருந்தேன். நாள் தவறவில்லை. மேகமூட்டமாக இருந்த ஐந்து நாளும்கூட, எந்த நொடியும் வெயில் வரலாம் என்ற ஆசையில் காலைத் தூக்கியபடியே காத்திருந்தேன்.

காலை இப்படிப் போயிற்று. மாலையில் ஆள்கள் வந்துவிடுவார்கள். இடையில் இருக்கிற பிற்பகல் மூன்று மணிதான் கொடுமை. வீட்டில் அடைபட்ட எவரைக் கேட்டாலும் இந்த மூன்று மணியைப் பற்றிச் சொல்வார்கள். தூங்கினால் இரவு தூக்கம் போகும். விழித்திருந்தால் கை தானாகக் கைப்பேசிக்குப் போகும்.

அந்த நேரத்தில் ஒருநாள் அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. அண்ணன் வீட்டில் இருக்கிறாள். முழங்கால் வலியால் ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் வாசல் தாண்டி நான்கு வருடம் ஆகிறது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை பேசுவேன். மாத்திரை சாப்பிட்டாயா, தூங்கினாயா, வைக்கிறேன். அன்று நான் புலம்பினேன்.

"நேரமே போகமாட்டேன் என்கிறது அம்மா."

"அதை ஏன் போகச் சொல்கிறாய்? அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்."

பிறகு அவளாகவே அவளுடைய நாளைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் குழாய் திறக்கிற சத்தம், பள்ளி வேன் ஹாரன், மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் என்று மணி பார்க்காமலே அவளுக்கு மணி தெரிகிறது. மாடி நாற்காலி இரண்டு நாளாக இழுபடவில்லை, ஊருக்குப் போயிருப்பார்கள் என்றாள். நான்கு வருடத்தில், உன் நாள் எப்படிப் போகிறது என்று நான் அவளைக் கேட்டதில்லை. என் ஒன்பதாம் நாளில் எனக்குத் தெரிந்ததாக நினைத்த வித்தை அவளிடம் பல காலமாக இருந்திருக்கிறது.

அப்பா விட்டுப்போன ஒரு தகரப் பெட்டி என்னிடம் இருக்கிறது. 212 கறுப்பு வெள்ளைப் படங்கள். பாதிப் பேர் யாரென்று தெரியாது. மறுநாள் மூன்று மணிக்கு அதைத் திறந்து வைத்துக்கொண்டு போன் செய்தேன். அம்மாவுக்குக் கண் தெளிவில்லை. படத்தை அனுப்பினால் பார்க்க முடியாது. ஆகவே நான் வாயால் சொல்வேன், அவள் ஆளைச் சொல்வாள். நாளுக்கு ஐந்து படம்.

இது இவ்வளவு கடினம் என்று நினைக்கவில்லை. "மூன்று பேர் நிற்கிறார்கள்" என்றால் அவளுக்குப் போதாது. யார் உயரம், யார் காது நீட்டிக்கொண்டிருக்கிறது, பின்னால் சுவரா வேலியா, கையில் என்ன. பார்த்ததாக நினைத்த படத்தை நான் பார்க்கவே இல்லை என்பது அவள் கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. முப்பத்தேழாவது படம்: ஓர் ஆள், தனியாக, குடையோடு.

"எந்தக் கையில் குடை?"

"இடது கை."

"அப்படியென்றால் உன் பெரியப்பா. அவருக்கு எல்லாம் இடது கைதான்."

முடிந்தது என்று எழுதி வைத்துவிட்டேன். இரவு மறுபடி அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. சட்டைப் பை அவருக்கு வலப்பக்க மார்பில் இருந்தது. என் சட்டையைக் குனிந்து பார்த்தேன், பை இடப்பக்கம். மகளின் பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர், எல்லோருக்கும் இடப்பக்கம்தான். அப்படியானால் பிரிண்ட் போட்டவர் நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டார். படமே கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறியிருக்கிறது. குடை உண்மையில் வலது கையில்.

மறுநாள் மூன்று மணிக்காகக் காத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"அப்படியானால் அது உன் சித்தப்பாடா. முகம் இரண்டு பேருக்கும் ஒரே அச்சு. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் குடையையும் எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடித்துக்கொள்வது அவனுக்கு ஒரு வேலை."

பெயர்களை படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் லேசாக எழுதினேன். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும், மையும் நாளடைவில் ஊறும். பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலப் படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றைத் தனித்தனி உறையில் போட்டு, படத்தை உள்ளே வைப்பதற்கு முன் உறையின் மேல் எழுதினேன். சில நாள் ஐந்து படம் முடியாது. ஒரே படத்தில் நின்றுவிடுவோம். கட்டுப் பிரிப்பதற்குள் 118 ஆகியிருந்தது.

நியூட்டன் மீதிருந்த கோபமும் இதற்கிடையில் போய்விட்டது. அந்த ஊரடங்கு நாள்களில் அவர் செய்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தேன். அறையை இருட்டாக்கி, ஜன்னல் கதவில் ஒரு சிறு துளை போட்டு, வெயிலை உள்ளே விட்டுத்தான் முப்பட்டகத்தை அதன் எதிரில் வைத்திருக்கிறார். சிறுவனாக இருந்தபோதே சுவரில் முளை அடித்து, நிழலைக் குறித்து மணி பார்த்திருக்கிறார். அவர் அங்கிருந்து எங்கேயோ போனார், நான் கூடத்துத் தரையிலேயே நின்றுவிட்டேன். ஆனால் தொடங்கிய இடம் ஒன்றுதான். செய்தி அனுப்பிய நான்கு பேரில் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் அன்றே மன்னித்திருப்பேன்.

மார்ச் 24ஆம் தேதி மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். அதே தையல் டேப்பால் இரண்டு ஆடுதசையையும் அளந்தேன்: இடது 36 செ.மீ., வலது 32.5. தொடை மட்டும் பெரிதாக இளைக்கவில்லை. தரையில் ஒட்டுத்தாள் வரிசை ஒரு முழ நீளம் வந்திருந்தது. நடுவில் ஐந்து பல் விழுந்த இடம், மேகமூட்டம். மேலும் ஒரு வாரம் நடை பழகிவிட்டு அலுவலகம் போனேன். டைரிப் பட்டியலில் பதினான்கில் டிக் விழுந்தது இரண்டரை. அரை எது என்று மகள் கேட்டாள். பொறுமை.

முதல் நாள் அலுவலகத்தில் கூட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து. யாரும் இல்லாத கூடத்தில், நேற்று ஒட்டிய தாளுக்குப் பக்கத்தில் அது இப்போது விழுந்திருக்கும். அடுத்த பேச்சாளர் தொடங்கும்போது மேசைக்கு அடியில் வலது காலை நீட்டி ஒரு சாண் தூக்கி, பத்து எண்ணினேன்.

மூன்று மணிக்கு நான் போன் செய்யவில்லை. முதல் நாள், குவிந்து கிடந்த வவுச்சர்கள், மறந்துவிட்டேன். மூன்று ஐந்துக்கு அம்மாவே கூப்பிட்டாள். இத்தனை வருடத்தில் வேலை நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டதில்லை.

"எதில் விட்டோம்?"

மேசை இழுப்பறையில் ஓர் உறையில் ஐந்து படங்களைக் கொண்டுவந்து வைத்திருந்தேன். மேலே இருந்ததை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டேன்.

"நூற்றுப் பத்தொன்பது. நான்கு பேர் நிற்கிறார்கள் அம்மா. நடுவில் ஒரு நாற்காலி. அதில் யாரும் உட்காரவில்லை."

"நாற்காலிக்குக் கை இருக்கிறதா?"